கப்பல் சுற்றிப் போனால் மலையில் ஏன் வேலை நிற்க வேண்டும்?

(தோட்டத் தலைவர், தலைவிகளுக்கான கல்வி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2023 நவம்பரில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். அதற்குச் சில மாதங்களுக்குப் பிறகு நான் ஒரு தோட்டத்தில் கூட்டத்துக்குப் போயிருந்தேன். கூட்டம் முடிந்து புறப்படும்போது ஓர் அக்கா என்னை நிறுத்திக் கேட்டார்:

"தம்பி, கப்பலு எங்கயோ சுத்திப் போவுதாம். அதனால மார்க்கட்டு சரியில்லன்னு தொர சொல்லிப்புட்டாரு. சனிக்கெழம பேரு இல்லயாம். கப்பலு சுத்திப் போனா நம்ம மலையில ஏன் தம்பி வேல நிக்கணும்?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கம்பனிக்காரங்க எப்பவும் இப்பிடித்தான் அக்கா" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அது பதில் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் ஒரு நியாயமான கேள்வி கேட்டார். நான் பழக்கத்தில் வந்ததைச் சொன்னேன். இன்றைக்கு அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முயற்சி செய்கிறேன்.

கம்பனிகள் அடிக்கடி சொல்லும் ஒரு சொல் 'விநியோகச் சங்கிலி'. பெயர் பெரிதாக இருக்கிறது என்று பயப்பட வேண்டாம். நாம் எடுக்கும் கொழுந்து குடிப்பவர் கோப்பைக்குப் போய்ச் சேரும் வழிதான் அது. முதலில் அந்த வழியை ஒரு முறை நடந்து பார்ப்போம்.

காலையில் மலையில் எடுத்த கொழுந்து மடுவத்தில் நிறுக்கப்பட்டு ஸ்டோருக்குப் போகிறது. அங்கே இரவு முழுவதும் காற்றில் வாடுகிறது. பிறகு ரோலரில் உருள்கிறது, நிறம் மாறுகிறது, அடுப்பில் காய்கிறது, சலித்துத் தரம் பிரிக்கப்படுகிறது. கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். அதனால் நாலு, நாலரை கிலோ கொழுந்தில் ஒரு கிலோ தேயிலைதான் கிடைக்கும். இதுவரை நமக்குத் தெரிந்த கதை.

அதற்குப் பிறகு மாதிரி எடுத்துக் கொழும்புத் தரகருக்கு அனுப்புகிறார்கள். அவர் சுவை பார்த்து, விலை கணித்து, ஏலப் பட்டியலில் சேர்க்கிறார். கொழும்பில் 1883 இல் இருந்து தேயிலை ஏலம் நடக்கிறது. 2020 ஏப்ரலில் கொரோனா காலத்தில் அது கணினிக்கு மாறியது. ஏலத்தில் ஏற்றுமதியாளர் வாங்குகிறார். பல தோட்டத்துத் தேயிலையைக் கலக்கிறார், பொதி செய்கிறார், கன்டெய்னரில் ஏற்றுகிறார். கப்பல் ஈராக்குக்கோ துருக்கிக்கோ ரஷ்யாவுக்கோ போகிறது. அங்கே ஓர் இறக்குமதியாளர், அவருக்குக் கீழே மொத்த வியாபாரி, அவருக்குக் கீழே கடை. கடைசியில் ஒரு கோப்பை.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். இந்த வழியில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் இருப்பவரை மட்டும்தான் தெரியும். துரைக்குத் தரகரைத் தெரியும், துருக்கிக் கடைக்காரரைத் தெரியாது. கடைக்காரருக்கு இறக்குமதியாளரைத் தெரியும், நம்மைத் தெரியாது. இன்னொன்று, நம் பக்கத்தில் கொழுந்து காத்திருக்காது. எடுத்த கொழுந்து அன்றைக்கே ஸ்டோருக்குப் போக வேண்டும். மழை பெய்தால் கொழுந்து கூடும், வெயில் எரித்தால் குறையும். அந்தப் பக்கத்தில் குடிப்பவருக்கு ஆண்டு முழுவதும் ஒரே சுவை, ஒரே விலை வேண்டும். இந்த இரண்டையும் பொருத்த வேண்டியதுதான் முகாமையாளர்களின் வேலை. அது உண்மையிலேயே சிக்கலான வேலை. அதை நாம் மறுக்க வேண்டியதில்லை.

அந்தச் சிக்கலை உலகம் முழுவதும் முகாமையாளர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்? நான் பார்த்தவரையில் நாலு வழிகள் இருக்கின்றன.

முதலாவது, கையிருப்பு. நாமும் செய்வதுதான். சம்பளம் வந்ததும் அரிசியையும் மாவையும் கொஞ்சம் கூடுதலாக வாங்கி வைப்போம். தோட்டத்தில் உரத்தை, விறகை, இயந்திரத்தின் உதிரிப்பாகத்தை முன்கூட்டியே வாங்கி வைப்பது அந்த வகை. ஆனால் கையிருப்புக்குக் காசு முடங்கும். அதனால் கணக்குப் பார்ப்பவர்கள் முதலில் வெட்டுவது இதைத்தான்.

இரண்டாவது, பல இடத்தில் வாங்குவது. பெரிய தேயிலைக் கம்பனி இலங்கையிலும் வாங்கும், கென்யாவிலும் வாங்கும், இந்தியாவிலும் வாங்கும். ஓர் இடத்தில் விளைச்சல் கெட்டால் இன்னோர் இடம். வாங்குபவருக்கு இது பாதுகாப்பு. விற்பவருக்கு இதனால் பாதுகாப்பு கிடையாது.

மூன்றாவது, தகவல். இதுதான் நல்ல வழி. ஓர் உதாரணம் சொல்கிறேன். நம் லயத்துப் பக்கத்துக் கடையில் வாரத்துக்குப் பத்து மூடை கோதுமை மா விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். திருவிழா வாரத்தில் பதினைந்து போகிறது. கடைக்காரர் 'இனிமேல் இப்படித்தான் போகும்' என்று நினைத்து இருபது கேட்கிறார். டவுன் மொத்த வியாபாரியிடம் இப்படிப் பல கடைகள் கேட்கின்றன. அவர் பயந்து இரண்டு மடங்கு கேட்கிறார். ஆலைக்காரர் அதற்கும் மேலே போகிறார். திருவிழா முடிந்ததும் எல்லோரிடமும் மா தேங்கிவிடுகிறது. அடுத்த மாதம் ஆலையில் வேலையை நிறுத்துகிறார்கள். சாப்பிட்டவர்கள் கூடுதலாகச் சாப்பிட்டது ஐந்து மூடைதான். அந்த ஐந்து மூடை மேலே போகப்போகப் பெருத்து, கடைசியில் ஆலைத் தொழிலாளியின் வேலையில் வந்து விழுகிறது. உண்மையில் எவ்வளவு விற்றது என்று ஆலைக்காரருக்கு யாராவது சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது.

ஜப்பானின் டொயோட்டா கார்க் கம்பனியின் கதையைப் பாருங்கள். 2011 மார்ச் மாதத்தில் அங்கே பூகம்பமும் சுனாமியும் வந்தபோது, எந்த உதிரிப்பாகம் எந்தச் சின்னத் தொழிற்சாலையில் இருந்து வருகிறது என்று அந்தக் கம்பனிக்கே முழுதாகத் தெரியவில்லை. அதற்குப் பிறகு, பொருள் தருபவர், அவருக்குப் பொருள் தருபவர் என்று கீழே வரை பதிவு எடுத்தார்கள். கிடைப்பதற்குக் கஷ்டமான சில்லுகளைச் சில மாதங்களுக்குக் கையிருப்பாக வைக்கச் சொன்னார்கள். 2021 இல் உலகம் முழுவதும் சில்லுத் தட்டுப்பாடு வந்தபோது, மற்றக் கம்பனிகள் ஆண்டின் தொடக்கத்திலேயே உற்பத்தியைக் குறைத்தன. டொயோட்டா இன்னும் பல மாதங்கள் தாக்குப்பிடித்தது. செப்டெம்பரில் அவர்களும் குறைக்கத்தான் வேண்டி வந்தது. ஆனாலும் முன்கூட்டியே விசாரித்து வைத்திருந்தது அவர்களுக்குக் காலம் வாங்கிக் கொடுத்தது.

நாலாவது வழி, தள்ளிவிடுவது. கையிருப்புக்குக் காசு வேண்டும். தகவலுக்கு உழைப்பு வேண்டும். தள்ளிவிடுவதற்கு ஒன்றுமே வேண்டாம், தனக்குக் கீழே பலம் குறைந்த ஒருவர் இருந்தால் போதும். 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது ஐரோப்பிய, அமெரிக்க உடுப்புக் கம்பனிகள் பங்களாதேஷ் தொழிற்சாலைகளுக்குக் கொடுத்த ஓடர்களை ரத்துச் செய்தன. தைத்து முடித்த உடுப்புக்கே காசு தர மறுத்தவர்களும் உண்டு. தொழிற்சாலை முதலாளி அதைத் தொழிலாளிகள் தலையில் இறக்கினார். அவர்களுக்குக் கீழே ஆள் இல்லை. அதனால் அது அங்கேயே நின்றது.

இப்போது நம் தோட்டத்துக்கு வருவோம்.

2015 இல் கிளைபோசேட் என்ற களைநாசினி இலங்கையில் தடை செய்யப்பட்டது. தோட்டங்கள் வேறு மருந்துக்குப் போயின. அந்த மருந்தின் எச்சம் தேயிலையில் இருக்கிறது என்று ஜப்பான் ஆட்சேபித்தது. 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் கிளைபோசேட் தடை நீங்கியது. பத்திரிகையில் வந்த கதை இவ்வளவுதான். நம் கதை வேறு. மருந்து இல்லாத மலையில் புல் இடுப்பளவுக்கு வளர்ந்தது. அதற்குள் இறங்கிக் கொழுந்து எடுத்தது யார்? அட்டைக்கும் குளவிக்கும் பாம்புக்கும் நடுவில் கிலோவைக் குறைக்காமல் எடுத்தது யார்? களைநாசினி நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம், அதில் நம் உடம்பும் சம்பந்தப்பட்டிருக்கிறது. நான் சொல்வது, அந்த முடிவை எடுத்த எந்த மேசையிலும் நம்மிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதுதான்.

2017 டிசம்பரில் இலங்கைத் தேயிலைப் பொதி ஒன்றில் ஒரு வண்டு இருந்தது என்று ரஷ்யா நம் தேயிலையைத் தற்காலிகமாக நிறுத்தியது. அந்த மாதம் முடிவதற்குள் பேசித் தடையை நீக்கினார்கள். ஒரு சின்ன வண்டு முழு நாட்டுத் தேயிலையையும் நிறுத்த முடியும் என்பதை அப்போது பார்த்தோம்.

2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டது. நவம்பரில் அந்த முடிவைத் திருப்பினார்கள். ஆனால் செடி அரசாங்க வர்த்தமானியைப் பார்த்துத் துளிர்க்காது. 2021 இல் ஏறக்குறைய 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை 2022 இல் 25 கோடி கிலோ அளவுக்கு இறங்கியது. நாட்சம்பளம் 1000 ரூபா ஆனதும் அதே 2021 இல்தான். அப்போது நமக்கு வந்த முறைப்பாடுகளை நினைத்துப் பாருங்கள். உரம் இல்லாத மலை, கொழுந்து இல்லாத செடி, ஆனால் கேட்கும் கிலோ குறையவில்லை. சில இடங்களில் கூடியது. எடுக்க முடியாதவர்களுக்கு அரைப்பேர். உரத்தைக் கையிருப்பில் வைக்காத தவறும், ஒரே இரவில் கொள்கையை மாற்றிய தவறும் கடைசியில் மடுவத்துத் தராசில் வந்து நின்றன.

இனி அந்த அக்காவின் கேள்வி. செங்கடல் வழி ஆபத்தானதால் பல கப்பல்கள் ஆபிரிக்காவின் தெற்கு முனையைச் சுற்றிப் போயின. பத்து நாள், இரண்டு வாரம் கூடுதல் பயணம். கப்பல் கூலி ஏறியது. ஏற்றுமதியாளரின் காசு கடலில் கூடுதல் நாள் முடங்கியது. அவர் ஏலத்தில் கையை இறுக்கினார். அதனால் கம்பனியின் வருமானம் குறைந்தது. கம்பனித் தலைமையகம் தோட்டத்துக்கு 'செலவைக் குறையுங்கள்' என்று சொன்னது. துரை யோசித்தார். மின்சாரக் கட்டணத்தைக் குறைக்க முடியாது. ஏலத்தில் விலையை ஏற்ற முடியாது. அன்று காலையிலேயே அவர் கையால் குறைக்கக்கூடியது ஒன்றுதான் இருந்தது, செக்ரோலில் போடும் பேர். சனிக்கிழமை நின்றது.

இது கெட்ட முகாமைத்துவமும்கூட. ஒரு மலையில் எடுத்தால் ஏழு முதல் பத்து நாளுக்குள் திரும்பி வர வேண்டும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. நாள் தள்ளினால் கொழுந்து முற்றும். முற்றிய கொழுந்தில் நல்ல தேயிலை வராது. ஏலத்தில் விலை இன்னும் இறங்கும். விலை இறங்கியது என்று நிறுத்திய வேலையே விலையை மேலும் இறக்குகிறது. இதை அந்த அக்காவிடம் கேட்டிருந்தால் அவரே சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை.

துரைமார் எல்லோரையும் நான் குறை சொல்ல வரவில்லை. அவர்களும் மேலிருந்து வரும் கட்டளைக்கும் கீழே இருக்கும் நிலைமைக்கும் நடுவில் நிற்பவர்கள். கொழுந்து குறையும் காலம் வருகிறது என்று தெரிந்ததும் கவ்வாத்து, கான் வெட்டு, நாற்றுமேடை வேலை என்று முன்கூட்டியே பிரித்துக் கொடுத்துப் பேரைக் காப்பாற்றும் முகாமையாளர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் உள்ள வித்தியாசம், அவர்கள் முன்கூட்டியே திட்டம் போடுகிறார்கள், முன்கூட்டியே சொல்கிறார்கள்.

சங்கத்தின் பக்கத்திலும் ஒரு குறை இருக்கிறது. நாம் சம்பளத்தைப் பற்றிப் பேசினோம், பேச வேண்டியதுதான். ஆனால் உரம் எப்போது வரும், இந்த ஆண்டு எந்த மலை கவ்வாத்து, கொழுந்து எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று எத்தனை தோட்டத்தில் கேட்டிருக்கிறோம்? அது நிர்வாகத்தின் வேலை என்று விட்டுவிட்டோம். அந்த இடத்தில்தான் நம் பேர் வெட்டப்படுகிறது.

'சிக்கல்' என்ற சொல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு துயரமான உதாரணம் இருக்கிறது. 2013 ஏப்ரல் 24 ஆம் திகதி பங்களாதேஷில், டாக்காவுக்குப் பக்கத்தில் ரானா பிளாசா என்ற கட்டடம் இடிந்தது. 1,100 க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் உடுப்புத் தைக்கும் பெண்கள். முதல் நாளே சுவரில் வெடிப்புக் கண்டார்கள். கீழே இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. தையல் தொழிலாளிகளை மட்டும் உள்ளே போகச் சொன்னார்கள். ஓடர் முடிய வேண்டும் என்ற அவசரம். பிறகு சில வெளிநாட்டுக் கம்பனிகள், 'எங்கள் உடுப்பு அங்கே தைக்கப்பட்டது எங்களுக்கே தெரியாது, சங்கிலி அவ்வளவு சிக்கலானது' என்றன. இடிபாட்டுக்குள் இருந்து உடுப்புகளையும் லேபல்களையும் தேடி எடுத்துத்தான், எந்தக் கம்பனிக்கு அங்கே வேலை நடந்தது என்று காட்ட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு சர்வதேசத் தொழிற்சங்கங்களும் அந்தக் கம்பனிகளும் கட்டடப் பாதுகாப்புக்காக ஓர் உடன்படிக்கை செய்தன. இருநூறுக்கு மேற்பட்ட கம்பனிகள் அதில் கையெழுத்திட்டன. பொறியியலாளர்கள் போய்த் தொழிற்சாலைகளைப் பார்த்து அறிக்கை எழுதினார்கள். எல்லோரும் பார்க்கும்படி அதை வெளியிட்டார்கள். தெரிந்துகொள்ள வேண்டும் என்ற கட்டாயம் வந்ததும் தெரிந்துகொள்ள முடிந்தது. ஆனால் அதற்கு அத்தனை பெண்கள் இறக்க வேண்டியிருந்தது.

அப்படியானால் நாம் என்ன செய்யலாம்? ஐந்து விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, கொப்பி. ஒவ்வொரு டிவிசனிலும் ஒருவர் எழுத வேண்டும். திகதி, எந்த மலை, எத்தனை பேருக்கு வேலை, எவ்வளவு கிலோ கேட்டார்கள், தராசில் எவ்வளவு கழித்தார்கள், வேலை இல்லை என்றால் சொன்ன காரணம். காரணத்தை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். ஆறு மாதம் எழுதினால், 'மார்க்கட் சரியில்லை' என்று எத்தனை முறை சொன்னார்கள், மார்க்கட் சரியானபோது எத்தனை முறை திருப்பித் தந்தார்கள் என்று நம் கையில் இருக்கும்.

இரண்டு, ஏல விலை. ஏலம் நடந்ததும் தரகர்களின் வார அறிக்கைகள் வெளிவருகின்றன. மேல்நாடு, மத்திய நாடு, கீழ்நாடு என்று சராசரி விலை அதில் இருக்கும். நம் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் பார்த்துச் சொல்வார்கள். விலை இறங்கியது என்று சொன்னால், எந்த வாரம், எவ்வளவு என்று மரியாதையாகக் கேளுங்கள்.

மூன்று, மாதம் ஒரு முறை நிர்வாகத்துடன் பேச்சு. பிரச்சினை வந்த பிறகு போகாமல், வருவதற்கு முன் போங்கள். உரம், கவ்வாத்து, எதிர்பார்க்கும் கொழுந்து, வேலை நாட்கள். இந்த நாலையும் கேட்டு எழுதுங்கள். கொழுந்து குறைவான மலைக்குக் கிலோவையும் குறைக்க வேண்டும் என்பதை அந்த இடத்தில் பேசுங்கள். எந்த மலையில் என்ன நடக்கிறது என்பதை நம்மைவிட அறிந்தவர் இல்லை. நம்மிடம் இருப்பதும் தகவல்தான்.

நாலு, சான்றிதழ் பார்க்க வருபவர்கள். ஸ்டோர் வாசலில் பலகைகள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சான்றிதழ்களுக்காக ஆட்கள் வந்து தொழிலாளர்களிடமும் கேள்வி கேட்பார்கள். அன்றைக்கு மட்டும் கையுறையும் காலணியும் தந்தால், அன்றைக்கு மட்டும்தான் தந்தார்கள் என்று சொல்லுங்கள். கழிவறை, குடிதண்ணீர், பிள்ளை மடுவம் எல்லாவற்றையும் உள்ளபடி சொல்லுங்கள். தனி ஒருவராகச் சொல்லப் பயம் என்றால் தலைவிமார் சேர்ந்து சொல்லுங்கள்.

ஐந்து, வெளிநாட்டுச் சட்டங்கள். ஜேர்மனியில் 2023 ஜனவரி முதல் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. பெரிய கம்பனிகள் தங்கள் விநியோகச் சங்கிலியில் மனித உரிமை மீறப்படுகிறதா என்று பார்க்க வேண்டும், முறைப்பாடு செய்ய ஒரு வழியும் வைக்க வேண்டும். இப்படிப்பட்ட சட்டங்களைத் தளர்த்தும் முயற்சியும் ஐரோப்பாவில் நடக்கிறது, அதனால் இதுவே போதும் என்று இருக்க முடியாது. ஆனாலும் முறைப்பாடு போவதற்குச் சாட்சி வேண்டும். சாட்சி என்பது நான் முதலில் சொன்ன அந்தக் கொப்பிதான்.

தோழர்களே, அந்த அக்காவிடம் மறுபடி போனால் இப்படிச் சொல்வேன்: "அக்கா, கப்பல் சுத்திப் போனது உண்மைதான். அதால செலவு வந்ததும் உண்மைதான். அந்தச் செலவ யாரு தாங்குறதுன்னு கடல் முடிவு பண்ணல, ஆளுங்கதான் முடிவு பண்ணாங்க. அவங்க பேசினப்ப நாம அங்க இல்ல. அடுத்த தடவ இருக்கணும். அதுக்கு உங்க சனிக்கெழமக் கணக்கு எனக்கு வேணும்."

அடுத்த வகுப்புக்கு வரும்போது ஒவ்வொரு டிவிசனும் கொப்பியைக் கொண்டு வர வேண்டும். எழுத்து அழகாக இருக்க வேண்டியதில்லை. திகதியும் கிலோவும் சரியாக இருந்தால் போதும். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லி எழுதுங்கள். அந்தப் பிள்ளைகளும் இதைத் தெரிந்துகொள்ளட்டும்.